கண்ணாடித் தொட்டியா, அக்ரிலிக் தொட்டியா?

இல்லத்தில் மீன் வளர்த்தல் கண்ணுக்கு இனிமையும் அறிவிற்கு விருந்துமாகும். ஆயினும் தொட்டியின் விஷயத்தில் நாம் செய்யும் பிழைக்குத் தண்டனை பெறுவன வாயில்லாப் பிராணிகளே. இதனை யான் நூல்களிற் கற்றிலேன். ஒரு மூலை தாழ்ந்திருந்த மேஜைமீது கண்ணாடித் தொட்டியை வைத்து, நள்ளிரவில் அதன் அடித்தட்டுப் பிளந்தபோது கற்றேன். ஐந்து மீன்களுள் இரண்டே பிழைத்தன. ஆதலின், இவ்விரு பொருள்களின் குணதோஷங்களை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அக்ரிலிக் என்பது நிறமற்ற ஒருவகைப் பிளாஸ்டிக். 1930-களில் விற்பனைக்கு வந்த இது, இரண்டாம் உலகப்போரில் விமானங்களின் மேல்மூடிக்குப் பெரிதும் பயன்பட்டது.

முதலாவது, எடை. 90 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ள தொட்டிக்கு 8 மி.மீ. தடிப்புள்ள தகடு கொண்டால், கண்ணாடி ஏறக்குறைய 27 கிலோவும், அக்ரிலிக் 13 கிலோவும் நிற்கும். ஆனால் உள்ளே நிறையும் நீரோ 120 கிலோ! ஆகவே இவ்விலேசு, தொட்டியைத் தூக்கிச் செல்வோர்க்கே உதவும். தாங்கும் மேஜைக்கு அன்று.

இரண்டாவது, வலிமை. கண்ணாடி வளையாது, அடிபட்டால் உடையும். அக்ரிலிக் அடியைத் தாங்கும். நீரின் அழுத்தத்தால் புடைக்கும். அதனாலேயே அதன் மேல்விளிம்பிற்குக் குறுக்குப் பட்டை பொருத்துகின்றனர். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றித் தொட்டியின் நீளத்தைப் பொறுத்ததன்று என்பதையும் நினைவிற் கொள்க. நீளம் மாறாதிருக்க, ஆழம் இருமடங்கானால் சுவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

மூன்றாவது, தெளிவு. சாதாரணக் கண்ணாடியில் இரும்பின் கலப்பால் சிறிது பசுமை தோன்றும், அக்ரிலிக்கில் அஃதில்லை. எனினும், பாசி துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் சிக்கினும் அக்ரிலிக் கீறிவிடும். அக்கீறலை மெருகிட்டு நீக்கலாம் என்பது ஓர் ஆறுதல். சாராயம் கலந்த திரவங்களால் அதனைத் துடைத்தலாகாது. நுண்ணிய வெடிப்புகள் உண்டாகும்.

பெரிய காட்சிசாலைகள் அக்ரிலிக்கையே நாடுகின்றன. ஜப்பானில் 2002-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ஒகினாவா சுராவுமி சாலையின் பெருஞ்சாளரம் 8.2 மீட்டர் உயரமும், 22.5 மீட்டர் அகலமும், 60 செ.மீ. தடிப்பும் உடையது. தகடுகளை ஒன்றன்மேலொன்றாக இணைத்து இத்தகைய தடிப்பை ஆக்குதல் அக்ரிலிக்கில் இயல்வதாகும்.

நம்மைப் போன்றோர்க்கோ, விலை குறைந்ததும் எளிதிற் கீறாததுமான கண்ணாடியே போதுமானது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டிற்கும், வளைந்த வடிவம் விரும்புவோர்க்கும் அக்ரிலிக் ஏற்றது. எதனைக் கொள்ளினும், ரசமட்டம் வைத்து மேஜையைச் சமமாக்குங்கள். தொட்டியின் அடி முழுவதும் பலகையிற் படிந்திருக்கட்டும். நீர் நிரப்பி ஒருநாள் ஒழுக்குப் பார்த்த பின்னரே மீன்களை விடுங்கள். யான் அன்று அவ்வொரு நாள் பொறுத்திலேன்.