நீலகிரிக்கு எந்த ஆய்வு வேண்டும்?

நீலகிரியைப் பற்றிய ஆய்வுகளுக்குப் பஞ்சமே இல்லை. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-ல் அறிவிக்கப்பட்ட 5,520 சதுர கிலோமீட்டர் நிலம் இது. யானை, புலி, தவளை, குறிஞ்சி என்று எதையும் யாரும் விட்டுவைக்கவில்லை. ஆனால் இந்தக் கோடையில் எந்தச் சரிவில் அந்நிய மரமான சீகையை (வாட்டில்) வெட்டலாம், எதைத் தொடாமல் விடலாம் என்று ஒரு வனச்சரகர் கேட்டால், அந்தக் குவியலிலிருந்து நேரான பதிலை எடுத்துக் கொடுப்பது கஷ்டம். ஆய்வாளருக்குச் சுவையான கேள்வி ஒன்று, நிலத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய கேள்வி வேறொன்று. இரண்டையும் ஒரே பட்டியலுக்குள் கொண்டுவருவது தனி வேலை.

முதலில் எல்லை. மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தொடங்கினால் வேலை அங்கேயே கெட்டது. முதுமலையில் மேய்கிற யானைக்குப் பந்திப்பூரும் வயநாடும் வேறு மாநிலங்கள் என்று தெரியாது. வரையாட்டுக்கோ உச்சிப் புல்வெளிதான் உலகம். ஆகவே ஒரே எல்லைக்கு மல்லுக்கட்டாமல், பிரச்சினைக்கு ஒன்றாக இரண்டு மூன்று எல்லைகளை வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வரும் பத்தாண்டுகளில் எடுக்கப்போகும் முடிவுகளைப் பட்டியலிட வேண்டும். ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்தக் கட்டத்தில் இடமில்லை. யார் முடிவெடுப்பார், எப்போது என்பது மட்டும் போதும். வனத்துறை, வருவாய்த்துறை, நெடுஞ்சாலைத்துறை, தேயிலைத் தோட்டம், சில சமயம் நீதிமன்றம். சீகூர் யானை வழித்தடம் பற்றிய 2010-ஆம் ஆண்டு அரசாணையை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதற்குப் பிறகும் ‘யானை இந்த வழியே போகிறதா’ என்று ஆராய்ந்துகொண்டிருந்தால் திட்டமிடுபவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு வேலியை எடுத்தால் யானை எந்த ஊர்ப்பக்கம் திரும்பும், காலியான இடத்தில் உண்ணிச்செடி பரவினால் யார் அகற்றுவது என்பவைதான் இனி வேண்டிய கேள்விகள்.

மூன்றாவது படியில்தான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும்: முடிவைக் கேள்வியாக்குவது. சீகை மரத்தையே எடுத்துக்கொள்வோம். ‘அந்நிய மரங்களின் தாக்கம்’ என்று எழுதினால் அது நிதி கேட்கும் விண்ணப்பத்துக்கு மட்டும் பொருந்தும் தலைப்பு. சரிவில் இறங்கி நின்றால் கதை வேறு. முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் பல இடங்களில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து நிற்கின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் சேர்ந்து போகும். மண்ணில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் சீகை விதைகள் வெயில் பட்டதும், மண் கிளறப்பட்டதும் கூட்டமாக முளைக்கும். புல்வெளி ஓரத்தில் புதிதாக நுழையும் இடுப்பளவுச் செடிகளை இப்போதே பிடுங்கினால் செலவும் குறைவு, பலனும் அதிகம். ஆக, ஒரே மரத்துக்கு மூன்று கேள்விகள்: எத்தனை கன்று இருந்தால் தோப்பை அப்படியே விடலாம்? வெட்டிய இடத்தில் எத்தனை ஆண்டு நாற்றுப் பிடுங்க வேண்டும்? சீகை எந்தப் புல்வெளிக்குள் வேகமாக நுழைகிறது? இவற்றை வைத்துக்கொண்டு கூலியாட்களைக்கூடத் திட்டமிடலாம்.

நான்காவது, தெரிந்ததைத் தேடுவது. இந்திய அறிவியல் கழகத்தார் முதுமலையில் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் மரங்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருகிறார்கள். குறும்பர், இருளர், தோடர், வேட்டைத் தடுப்புக் காவலர்கள் ஆகியோரிடம் உள்ள விவரம் எந்தக் கட்டுரையிலும் ஏறாதது. எந்த ஓடை எந்த ஆண்டு முதல் வற்றுகிறது என்று அவர்களால் விரல்விட்டுச் சொல்ல முடியும். அவர்களைத் ‘தகவலாளி’ என்று பெயரிட்டு ஓரமாக உட்காரவைக்காமல், கேள்வி எழுதும் மேசைக்கே அழைக்க வேண்டும். எண்களையும் உரசிப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் 2024-ல் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன, 2025-ல் 1,303. கணக்கெடுத்த இடங்களும் கூடியிருந்ததால், ஆடு பெருகியதா, நாம் அதிகம் நடந்தோமா என்பதைப் பிரித்தறிவதே இங்கே ஆய்வுத் தேவை.

பிறகு சல்லடை. பிரிட்டனில் வில்லியம் சதர்லேண்ட் குழுவினர் கொள்கை வகுப்போரையும் ஆய்வாளர்களையும் கூட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளை நூறாகச் சலித்து 2006-ல் வெளியிட்டார்கள். நல்ல முறைதான், ஆனால் வாக்கெடுப்பு என்றால் யார் அறையில் இருக்கிறார்களோ அவர்கள் கேள்விதான் ஜெயிக்கும். புலிக்கு வாக்கு உண்டு, சதுப்பு நிலத்துக்குக் கிடையாது. எனவே கை தூக்குவதற்கு முன் ஒவ்வொரு கேள்வியையும் சோதிக்கலாம்: பதில் வந்தால் முடிவு மாறுமா? முடிவுக்கு முன் பதில் வருமா? இரண்டுக்கும் ‘ஆம்’ வராத கேள்வி பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும். எடுத்துக்காட்டாக, காட்டுக்குள் பரவும் அந்நிய மரமான சென்னா ஸ்பெக்டபிலிஸை அகற்றுவதா என்பதற்கு ஆய்வே வேண்டாம், அகற்றத்தான் வேண்டும். எப்படி அகற்றுவது என்பதை மட்டும், வெட்டும்போதே சில துண்டு நிலங்களில் வெவ்வேறு முறைகளைச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

தேறிய கேள்வி ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று விவரங்கள் எழுதப்பட வேண்டும்: பதிலைப் பயன்படுத்தப்போகும் அதிகாரியின் பதவி, வேண்டிய தேதி, தமிழகம், கர்நாடகம், கேரளம் ஆகிய மூன்று மாநிலமும் ஒரே மாதிரி நிரப்ப ஒப்புக்கொண்ட படிவம். மூன்றாவதில்தான் பெரும்பாலும் இழுபறி. வனத்துறையின் செயல் திட்டம் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படுவது. புல்வெளியில் நாற்று முளைப்பதைப் பார்க்க இரண்டு பருவமழையாவது வேண்டும் என்பதால், அந்தத் திட்டம் எழுதத் தொடங்குவதற்கு மூன்றாண்டு முன்பே களத்தில் கம்பு நட்டுக் கயிறு கட்டியாக வேண்டும்.