ட்ரோஜன் அறை காப்பிக் குடுவை

ட்ரோஜன் அறை காப்பிக் குடுவை என்பது உலகின் முதல் வெப்கேம் படம்பிடித்துக் காட்டிய பொருளாகும். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் பலர் இந்த ஒரே குடுவையை நம்பியிருந்தனர். வேறு தளங்களிலிருந்து படியேறி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். எனவே 1991இல் குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ஆகியோர் அதன் எதிரே ஒரு கேமராவை வைத்து, படம் ஆய்வகக் கணினிகளில் தெரியுமாறு செய்தனர். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட சாம்பல்நிறப் படம். நிமிடத்திற்குச் சில முறையே மாறும். காப்பி வடிவதும் மெதுவாகத்தானே!

1993இல் இப்படம் இணையத்திற்கு வந்தது. நடையை மிச்சப்படுத்த வந்த கேமரா, அதன்பின் ஊராரின் நேரத்தைத் தின்றது. ஒரு வாய் காப்பிகூடக் கிடைக்காத தொலைதூர நாட்டவரும் குடுவை நிறைந்ததா என்று எட்டிப் பார்த்தனர். 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமரா நிறுத்தப்பட்டது. கடைசிக் குடுவையை ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழின் இணையப் பதிப்பு 3,350 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தது.