கருடனுக்கு எமனாகும் கரண்டு கம்பி!
உறை போட்டால் பறவை பிழைக்கும். ஊருக்கும் இருட்டு மிச்சம்

கடலூர்:

"படீர்!"

கம்பத்தின் உச்சியில் ஒரு நீல வெளிச்சம். அடுத்த நொடி தெருவில் கரண்டு 'கட்'. ஜெராக்ஸ் கடையில் பாதிக் காகிதம் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஜூஸ் கடையில் மிக்சி நின்றுபோகிறது. என்ன ஏது என்று வெளியே வந்து எட்டிப் பார்த்தால், கம்பத்தடியில் இறக்கை கருகிக் கிடக்கிறது ஒரு செம்பருந்து.

"ஐயையோ, கருடனாச்சே!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் பெண்கள். லைன்மேன் வந்து பியூஸ் போடுவார். கரண்டு வரும். கூட்டம் கலையும். கருடன் குப்பைக்குப் போகும்.

கடலோர ஊர்களில் கம்பமும் கம்பியும் உள்ள இடமெல்லாம் நடக்கக்கூடிய கதை இது. கோவில் கும்பாபிஷேகத்தில் கலசத்துக்கு மேலே கருடன் வட்டமடித்தால்தான் ஜனங்களுக்கு மனசு நிறையும். கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோவிலை ஒட்டி ஓடும் கெடிலம் ஆற்றுக்குக் கருட நதி என்றே இன்னொரு பேர் உண்டு. அப்படிப்பட்ட சீமையிலேயே கருடனுக்கு உட்கார நல்ல இடம் இல்லை!

காக்கா தப்புகிறது, ஏன்?

கம்பியில் வரிசையாகக் காக்கா உட்கார்ந்திருக்கிறது, மைனா உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. பருந்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

விஷயம் சுலபம். ஒரே ஒரு கம்பியைத் தொட்டால் மின்சாரம் உடம்பு வழியாக வேறெங்கும் போக வழி இல்லை. இரண்டு கம்பியை ஒரே சமயத்தில் தொட்டாலோ, கம்பியையும் கம்பத்தின் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துத் தொட்டாலோதான் ஆபத்து.

காக்கா சின்னது, எட்டாது. செம்பருந்து இறக்கையை விரித்தால் ஒரு மீட்டருக்கு மேல். கரும்பருந்து ஒன்றரை மீட்டர் வரை. கடலோரத்தில் மீன் தூக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கோ சுமார் இரண்டு மீட்டர்! ஆனால் ஊருக்குள் வரும் 11 ஆயிரம் வோல்ட் கம்பத்தில், இரும்புச் சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே இருப்பது ஒரு பீங்கான் உயரம்தான்.

சட்டத்தில் வந்து உட்கார்கிறது பருந்து. கிளம்பும்போது இறக்கையை விரிக்கிறது. கம்பியில் உரசுகிறது. அவ்வளவுதான், முடிந்தது.

மழைக்காலத்தில் இன்னும் மோசம். காய்ந்த இறகு மின்சாரத்தை லேசில் விடாது. நனைந்த இறகு விட்டுவிடும். டிரான்ஸ்பார்மர் உள்ள இடம் எல்லாவற்றையும் விட மோசம். அங்கே கம்பிகள் அத்தனை நெருக்கம்.

மரம் போச்சு, கம்பம் வந்தது

வேட்டைப் பறவைக்கு உயரம் வேண்டும். மேலே உட்கார்ந்து நோட்டம் விட்டால்தான் எலியோ மீனோ கண்ணில் படும். முன்பெல்லாம் அதற்கு மரம் இருந்தது.

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. கம்பத்தைத் திரும்ப நட்டுவிட்டார்கள். மரம் அப்படி முளைக்குமா? பருந்து கம்பத்தைத் தேடிப் போகாமல் வேறு எங்கே போகும்?

1962-ல் நெய்வேலியில் மின்சாரம் தயாரிக்க ஆரம்பித்த மாவட்டம் இது. பார்க்கும் பக்கமெல்லாம் ராட்சத டவர்கள். அவற்றில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் ஷாக் அடிப்பது குறைவு. அங்கே ஆபத்து வேறு மாதிரி. இரை தேடித் தலையைக் குனிந்தபடி பறக்கும் பெரிய பறவைக்கு எதிரே இருக்கும் கம்பி தெரிவதில்லை. அதிலும் டவரின் உச்சியில் ஓடும் மெல்லிய இடிதாங்கிக் கம்பி கண்ணுக்கே படாது. மோதினால் இறக்கை முறியும்.

திருக்கழுக்குன்றத்துக் கழுகு

செம்பருந்து இன்று அழியும் இனங்களின் பட்டியலில் இல்லை. உண்மைதான். அதற்காகச் சும்மா இருந்துவிடலாமா?

திருக்கழுக்குன்றம் மலையில் உச்சி வேளையில் வந்து பிரசாதம் சாப்பிட்ட கழுகுகளைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1990-களோடு அந்தக் காட்சி நின்றுபோனது. அது மஞ்சள்முகப் பாறு என்ற இனம். உலக அளவில் அது இப்போது அழியும் அபாயத்தில் உள்ள பறவை.

அங்கே அது வராமல் போனதற்குக் கம்பிதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இதே இனத்தை ஆப்பிரிக்காவில் ஒரு மின்பாதை கொன்று குவித்தது. சூடான் நாட்டின் போர்ட் சூடான் நகரில் 1950-களில் போட்ட 31 கி.மீ. பாதை அது. 1982-ல் ஓர் ஆய்வாளர் போய்ப் பார்த்தபோது, கம்பத்தடிகளில் ஏறக்குறைய 50 கழுகுகள் செத்துக் கிடந்தன. அந்தப் பாதையில் கரண்டை நிறுத்தி மாற்று வழி செய்தது 2014-ல்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் எமன் அங்கேயே நின்றான்!

கடற்கழுகு ஒரு பருவத்தில் வழக்கமாக இரண்டு முட்டைதான் இடும். பெரும்பாலும் ஒரு குஞ்சுதான் தேறும். அது வளர்ந்து ஜோடி சேர வருஷங்கள் ஆகும். வளர்ந்த ஒன்று கம்பியில் போனால், ஈடுகட்டுவது லேசான காரியமா?

வழி இருக்கிறது!

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கழுகுகள் கம்பங்களில் செத்து விழுந்தன. மார்லி நெல்சன் என்ற பறவைப் பயிற்சியாளர் ஒரு வேலை செய்தார். கரண்டு இல்லாத மாதிரிக் கம்பங்களில், தான் பழக்கிய கழுகுகளை உட்கார வைத்துப் படம் பிடித்தார். இறக்கை எங்கே உரசுகிறது என்பது தெரிந்துபோனது. கம்பிகளுக்கு இடையே 60 அங்குல இடைவெளி விடுவது என்ற வழிமுறை பிறந்தது.

ஸ்பெயின் நாட்டில் ராஜாளிக் கழுகு ஒன்று 1970-களில் சில பத்து ஜோடிகளாகச் சுருங்கிவிட்டது. ஆபத்தான கம்பங்களைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். 2008-ல் சட்டமும் வந்தது. 2022 கணக்கில் அவை 800 ஜோடிக்கு மேல்! கம்பத்தைத் திருத்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

நம் நாட்டிலும் கோர்ட்டு வரை போன விஷயம்தான். கானமயில் வேட்டைப் பறவை இல்லை என்றாலும் அதற்கும் எதிரி கம்பிதான். ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் மின்பாதைகளைப் பூமிக்கு அடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அத்தனை பாதையையும் புதைப்பது கஷ்டம் என்று மத்திய அரசு முறையிட்டது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி, வழி சொல்ல நிபுணர் குழு அமைத்தது கோர்ட்டு.

கடலூர் நகருக்கோ இதில் ஓர் அதிர்ஷ்டம். புயலில் கரண்டு போகக்கூடாது என்று, உலக வங்கி உதவியோடு இங்கே கம்பிகளைப் பூமிக்கு அடியில் கேபிளாக மாற்றும் வேலை எடுக்கப்பட்டது. மனுஷனுக்காகச் செய்த வேலை, பருந்துக்கும் நன்மை!

மீதி ஊர்களுக்கு?

சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் என்று எல்லா ஊரிலும் பூமியைத் தோண்டு என்றால் பணத்துக்கு எங்கே போவது? தோண்டவே வேண்டாம். கம்பத்தின் இரு பக்கமும் சில அடி தூரத்துக்குக் கம்பிக்கு உறை மாட்டினால் போதும். டிரான்ஸ்பார்மரில் கம்பி சேரும் இடத்துக்கு மூடி போட்டால் போதும். டவர் கம்பியில் பளிச்சென்று தெரியும் தகடுகளைத் தொங்கவிட்டால் போதும்.

எல்லாக் கம்பத்துக்கும் ஒரே நாளில் வேண்டாம். மீன் இறங்கும் துறை, மார்க்கெட்டு, குப்பைமேடு, உப்பனாற்றங்கரை போன்ற பருந்து கூடும் இடங்களில் முதலில் செய்யலாம். எந்தக் கம்பத்தில் அடிக்கடி பறவை விழுகிறது என்பது அந்தந்த ஏரியா லைன்மேனுக்குத் தெரியாமலா இருக்கும்?

இதில் மின்வாரியத்துக்கும் லாபம் உண்டு. ஒவ்வொரு பருந்து விழும்போதும் லைன் 'டிரிப்' ஆகிறது. பியூஸ் போகிறது. ஓர் ஊழியர் ஏற வேண்டியிருக்கிறது. கருகிய பறவை காய்ந்த புல்லிலோ கூரையிலோ விழுந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

ஜனங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மீன் கழிவையும் கோழிக் கழிவையும் கம்பத்தடியில் கொட்டாதீர்கள். அதுதான் பருந்தை அங்கே கூப்பிடுகிறது. கம்பியில் பறவை தொங்கினால் கொம்பு வைத்துத் தள்ளாதீர்கள், உங்கள் உயிர் போகும். மின்னகம் எண் 94987 94987-க்குப் போன் போட்டு, எந்தக் கம்பம் என்று சொல்லுங்கள்.

புயலுக்குப் பயந்து கேபிள் புதைத்த ஊர் இது. கருடனுக்காகக் கம்பிக்கு ஓர் உறை மாட்ட மனசு வராதா? அதிகாரிகள் கவனிப்பார்களா?