மீன்தொட்டிக்கு ஏற்ற மலிவான மணல்

பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளிலும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து அழகு மீன் வளர்ப்போர் உளர். பெரும்பாலும் பிள்ளைகளின் ஆசைக்காகத் தொடங்கும் இவ்வளர்ப்பில், தொட்டிக்கும் மீனுக்கும் செலவிட்ட பின்னர், அடியில் இடுவதற்கு நிறமூட்டிய கற்களையும் விலை கொடுத்து வாங்குகின்றனர். இச்செலவு அவசியமன்று. வீடு கட்ட உபயோகிக்கும் ஆற்றுமணல், தக்கவாறு தெரிந்தெடுத்துக் கழுவப்படின், அக்கற்களிலும் மேலானது. ஆயின் மலிவானது என்பதற்காகக் கண்ட இடத்து மணலை அள்ளி இடுதல் ஆகாது. தகாத மணலால் இரண்டொரு நாளிலேயே மீன்கள் இறந்து மிதக்கக் கூடும். எம்மணலைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

மணல் செய்யும் வேலை

மணல் தொட்டிக்கு வெறும் அலங்காரமன்று. மீன்களின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் நீரில் அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கு நஞ்சாகும். வயலில் இட்ட யூரியா அமோனியாவாகிப் பின்னர் நைத்திரேற்றாக மாறுவது மண்ணிலுள்ள நுண்ணுயிர்களின் செயலால் என்பதைக் கமக்காரர் அறிவர். அத்தகைய நுண்ணுயிர்களே தொட்டியில் மணற்பருக்கைகளின் மேல் ஒட்டி வாழ்ந்து, அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நீர்த்தாவரங்கள் வேரூன்றுவதற்கும் மணலே இடமளிக்கின்றது. ஆகவே நிறத்தைக் காட்டிலும் பருக்கையின் அளவும் தூய்மையுமே முக்கியமானவை.

பருக்கையின் அளவு

1 முதல் 2 மில்லிமீற்றர் வரையிலான, அதாவது குரக்கன் அல்லது கடுகு அளவான பருக்கைகளே ஏற்றவை.

இதிலும் மிக நுண்ணிய மணல் இறுகிப்போகும். நீர் அதனூடு செல்லாது, காற்றும் புகாது. வைக்கோலை மிகுதியாக மிதித்துவிட்ட சேற்று வயலில் நீர் தேங்கி நின்றால் மண் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசுவதைக் கண்டிருப்பீர்கள். இறுகிய மணலின் அடியிலும் அதுவே நிகழ்கின்றது. அங்கு உண்டாகும் ஐதரசன் சல்பைட்டு மீன்களைக் கொல்ல வல்லது.

பருக்கை மிகப் பெரிதாயினும் தீமையுண்டு. உணவுத் துணுக்குகள் இடைவெளிகளில் விழுந்து, மீனுக்கு எட்டாது அழுகும். பொன்மீன் அடித்தளத்தை வாயால் கிளறி உண்ணும் இயல்புடையது. சிறு கற்கள் அதன் வாயில் சிக்கிக்கொள்வதுண்டு. மணலாயின் எளிதில் உமிழ்ந்துவிடும்.

சுண்ணாம்புச் சோதனை

ஊவா மலைகளில் பளிங்குச் சுண்ணாம்புக்கல் படைகள் இடையிடையே உள்ளமையால், சில ஓடைகளின் மணலில் அக்கல்லின் துணுக்குகள் கலந்திருக்கும். தேயிலைக் காணிக்கு டொலமைற்று இட்டால் மண்ணின் புளிப்புக் குறைகின்றதல்லவா? அவ்வாறே இத்துணுக்குகள் சிறிது சிறிதாகக் கரைந்து, தொட்டி நீரின் புளிப்பைக் குறைத்து அதனை வன்னீராக்கும். கப்பி, மொலி போன்ற மீன்கள் வன்னீரைத் தாங்கும். மென்னீரில் வாழும் நியோன் டெட்ரா போன்றவற்றிற்கு அது ஒவ்வாது.

சோதிக்கும் முறை எளிது. ஒரு கரண்டி உலர்ந்த மணலைத் தட்டிலிட்டு, அது நனையுமளவு வினாகிரி ஊற்றவும். குமிழிகள் எழுமாயின் அதில் சுண்ணாம்பு உண்டு. டொலமைற்று மெதுவாகவே குமிழ்விடும். ஆதலால் ஐயமிருப்பின் வெண்ணிறத் துணுக்குகளைப் பொறுக்கி, இடித்துத் தூளாக்கி, இளஞ்சூடான வினாகிரியில் மீண்டும் சோதிக்கவும். வினாகிரி இல்லாதவிடத்துத் தேசிக்காய்ச் சாறும் உதவும்.

மணலில் காணப்படும் செந்நிறப் பருக்கைகளும் மினுங்கும் மைக்காவும் தீங்கற்றவை. மைக்கா இலேசானதாகையால் கழுவும்போது பெரும்பகுதி நீருடன் போய்விடும்.

விலக்க வேண்டியவை

கடல்மணல்: கதிர்காம யாத்திரை செல்வோர் கிரிந்தை போன்ற கரைகளிலிருந்து மணல் கொண்டுவருதலுண்டு. இதில் உப்பும் சிப்பித் துணுக்குகளும் கலந்திருக்கும். உப்பைக் கழுவி நீக்கினும் சிப்பியின் சுண்ணாம்பு நீங்காது.

கல் உடைக்கும் இடத்துத் தூள்: இதன் பருக்கைகள் கூரிய முனைகளை உடையன. அடியில் மேயும் மீன்களின் மீசைகளை அவை புண்ணாக்கும். மாவு போன்ற தூசியும் மிகுதி.

தோட்ட வாய்க்கால் மணல்: எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுவே. கையருகே இலவசமாகக் கிடைப்பதால் பலரும் இதனையே நாடுவர். உருளைக்கிழங்கு, கோவா, போஞ்சிப் பாத்திகளிலிருந்து மழைநீருடன் வரும் மண்ணில் பூச்சிநாசினிகளின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். பைரித்திரொயிட்டு வகைப் பூச்சிநாசினிகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்வன. தேயிலையில் 1946 இல் இலங்கையில் தோன்றிய கொப்புள நோயை அடக்கச் செம்பு சேர்ந்த மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. செம்பும் மீனுக்கு நஞ்சே. மென்னீரில் அதன் கடுமை மேலும் அதிகம். கழுவுவதால் இம்மணல் பாதுகாப்பானதாகிவிடும் என எண்ணற்க. மருந்து கலக்கிய வாளியையும் மணல் கழுவ ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

எங்கிருந்து பெறுவது?

2 அடி நீளமும் 1 அடி அகலமும் உள்ள தொட்டியில் 2 அங்குல உயரத்திற்கு மணலிட ஏறத்தாழ 15 கிலோகிராம் போதும். அரிக்கையில் கழிவதையும் சேர்த்து 25 கிலோகிராம் கொள்ளலாம். அயலில் வீடு கட்டுவோரிடம் எஞ்சிய மணலைக் கேட்டுப் பெறுதலே மிக மலிவான வழி. சீமெந்து கலவாத குவியலிலிருந்து எடுக்கவும். சீமெந்திலும் சுண்ணாம்பு உண்டு.

பதுளு ஓயாவிலோ, உமா ஓயாவிலோ, வயலோரத்து ஓடையிலோ தாமே தோண்டி எடுத்தல் தகாது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டம் மணல் அகழ்வை அனுமதிப்பத்திரத்தின் கீழ்க் கொண்டுவந்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, மணல் தோண்டப்பட்ட ஓடையின் படுகை தாழும், கரை சரியும். படுகை தாழ்ந்தால் வாய்க்காலின் தலைப்பில் நீர் ஏறாது. அந்நீரை நம்பியிருக்கும் வயல்களே முதலில் வாடும்.

கழுவும் முறை

1. மேசன்மார் பூச்சு மணல் அரிக்கும் அரிதட்டில் முதலில் அரித்து, கற்களை நீக்குக.

2. மீதியை நுளம்புவலைத் துணியிலிட்டு நீரில் அலசுக. நுண்மணல் வெளியேறும், வலையில் தங்குவதே நமக்குரியது.

3. அதனை வாளியில் கால் பங்கிட்டு, நீர் ஊற்றிக் கையால் கிளறி, கலங்கல் நீரை வடித்துவிடுக. அரிசி களைவது போலவே இதுவும். நீர் தெளியும்வரை பத்துத் தடவையோ அதற்கு மேலோ செய்தல் வேண்டும். சவர்க்காரம் கூடாது.

4. கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து வடித்த பின், வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துக. அட்டையும் நத்தை முட்டையும் அழியும்.

தொட்டியில் இடுதல்

தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதாயிருத்தல் வேண்டும். மேற்கூறிய அளவுத் தொட்டி 1 அடி உயரமாயின் அதில் 50 லீற்றர் வரை நீர் கொள்ளும். நீரும் மணலும் மாத்திரமே 60 கிலோகிராமுக்கு மேல் நிறை தரும். மணலை முன்புறம் ஒன்றரை அங்குலமும் பின்புறம் இரண்டரை அங்குலமுமாகச் சரித்து இடுக. கழிவு முன்புறம் திரண்டு நிற்குமாதலால் அகற்றுவது எளிது. மணல்மீது ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெல்ல நீரூற்றினால் மணல் கலையாது.

உடனே மீன்களை விடலாகாது. நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். நோயற்ற பழைய தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலைச் சேர்த்தால் அக்காலம் குறையும். முதலில் இரண்டு மூன்று கப்பி மீன்களை மாத்திரம் விட்டு, உணவைச் சிறிதளவே இடுக. அவை நலமாயிருப்பின் மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். பின்னர் வாரந்தோறும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றுக. அகற்றிய நீர் மரக்கறிப் பாத்திக்கு உகந்தது. அதிலும் நைத்திரேற்று உண்டு.

மணலுக்குச் செலவு சிறிதே. அதனைச் சோதிப்பதற்கும் கழுவுவதற்கும் ஒரு நாள் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைச் சுருக்காதிருப்பின், கடைக் கற்களுக்குச் செலவாகும் பணம் வீட்டில் மிஞ்சும். பிள்ளைகள் வளர்க்கும் மீன்களும் பிழைக்கும். மேலும் விபரம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.