குளூவைன்

குளூவைன் என்பது சிவப்பு அல்லது வெள்ளை வைனுடன் பட்டை, கிராம்பு முதலிய நறுமணப் பொருட்களையும் இனிப்பையும் சேர்த்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிப் பருகும் பானம் ஆகும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதிகள் ஆகியவற்றில் குளிர்காலத்தில் இது பரவலாகப் பருகப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்களில் நகரச் சதுக்கங்களில் கூடும் கிறிஸ்துமஸ் சந்தைகளின் அடையாளப் பானமும் இதுவே. வீட்டில் செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். சூட்டின் அளவு, மசாலா ஊறும் நேரம் ஆகிய இரண்டுமே சுவையைத் தீர்மானிக்கின்றன.

பெயர்

'குளூஎன்' என்ற ஜெர்மன் வினைச்சொல்லுக்குக் கனல்தல், செந்தழலாய் ஒளிர்தல் என்று பொருள். முற்காலத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைனில் அமிழ்த்திச் சூடாக்கும் வழக்கம் இருந்தது. அதனால் இப்பெயர் அமைந்தது என்று விளக்கம் கூறுவர். சுவீடனில் இதையொத்த பானத்துக்கு 'குளோக்' என்று பெயர். அதுவும் சூடாக்குதல் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து பிறந்ததே.

வரலாறு

வைனில் மசாலா சேர்க்கும் வழக்கம் உரோமானியர் காலத்திலேயே இருந்தது. அப்பீசியசு என்பவரின் பெயரில் வழங்கும் இலத்தீன் சமையல் நூல் மசாலா வைன் செய்முறையோடுதான் தொடங்குகிறது. அதில் வைனுடன் தேன், மிளகு, குங்குமப்பூ, பேரீச்சம்பழம் முதலியவை சேர்கின்றன. தேனையும் வைனையும் சேர்த்துக் காய்ச்சுவது அதன் முதற்படி.

அந்த மிளகு தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் விளைந்தது. முசிறித் துறைக்குப் பொன்னோடு வந்த யவனர் கலங்கள் மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாடல் சொல்கிறது. யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகியதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டு அகழாய்வில் மது கொண்டுவரப்பட்ட கூர்அடிச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்துள்ளன. மது இங்கே வந்தது, மிளகு அங்கே போனது. மசாலா வைன் உருவானதில் இந்தக் கடல் வணிகத்துக்கும் பங்கு உண்டு.

இடைக்கால ஐரோப்பாவில் 'இப்போகிராசு' என்ற மசாலா வைன் செல்வர் வீடுகளில் புகழ்பெற்றிருந்தது. மசாலாவை வடிகட்டப் பயன்பட்ட கூம்பு வடிவத் துணிப்பை கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசுடன் தொடர்புபடுத்தப்பட்டதால் அப்பெயர் வந்தது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி எல்லாமே அக்காலத்தில் தொலைவிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்குகள். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு இச்சரக்குகள் கடல்வழியே நேரடியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. இலங்கையின் கறுவாவுக்காகப் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் போரிட்டனர். வரத்து பெருகப் பெருக, மசாலா வைன் பொதுமக்களுக்கும் எட்டும் பானமாயிற்று.

1834இல் சாக்சனி பகுதியில் வாக்கர்பார்த் என்ற பிரபு எழுதிவைத்த குளூவைன் செய்முறை ஒன்று இன்றும் உள்ளது. வெள்ளை வைன், பட்டை, இஞ்சி, சோம்பு, சாதிக்காய், ஏலக்காய், குங்குமப்பூ ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. இன்று சிவப்பு வைனே பெருவழக்கு.

கிறிஸ்துமஸ் சந்தைகளில்

ட்ரெஸ்டன் நகரின் ஸ்ட்ரீட்செல்மார்க்ட் 1434இல் தொடங்கியது. ஜெர்மனியின் மிகப் பழைய கிறிஸ்துமஸ் சந்தைகளுள் அது ஒன்று. நியூரம்பெர்க், கொலோன் முதலிய நகரங்களின் சந்தைகளும் பெயர்பெற்றவை. இச்சந்தைகளில் குளூவைனைப் பீங்கான் குவளையில் தருவார்கள். குவளைக்கென ஒரு வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு, திருப்பித் தரும்போது பணத்தைத் தந்துவிடுவார்கள். ஆண்டுதோறும் குவளையின் வடிவமும் படமும் மாறுவதால், சிலர் வைப்புத்தொகையை விட்டுவிட்டுக் குவளையை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வதும் உண்டு.

கடையில் குளூவைன் என்ற பெயரில் விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்துள்ளது. வைனிலிருந்து மட்டுமே அதைச் செய்ய வேண்டும். முதன்மையான மணம் பட்டை அல்லது கிராம்பினுடையதாக இருக்க வேண்டும். ஆல்ககாலின் அளவு குறைந்தது 7 விழுக்காடு இருக்க வேண்டும். வெள்ளை வைனில் செய்திருந்தால் அதைப் பெயரிலேயே குறிப்பிட வேண்டும்.

தேவையான பொருட்கள்

நான்கு பேருக்கு:

- உலர் சிவப்பு வைன் – 750 மில்லிலிட்டர் (ஒரு போத்தல்)
- ஆரஞ்சுப் பழம் – 2
- சர்க்கரை – 50 முதல் 60 கிராம்
- பட்டை – விரல் நீளத்தில் 2 குச்சிகள்
- கிராம்பு – 4 அல்லது 5
- அன்னாசிப்பூ – 1
- ஏலக்காய் – 2 (இலேசாகத் தட்டியது)
- இஞ்சி – 2 மெல்லிய வில்லைகள் (விரும்பினால்)

வைன்: பழச்சுவை தூக்கலாகவும் துவர்ப்பு குறைவாகவும் உள்ள வைன் ஏற்றது. ஜெர்மனியில் டோர்ன்ஃபெல்டர், ஷ்பேட்பூர்குண்டர் வகைத் திராட்சையின் வைன்களைப் பயன்படுத்துவர். பிற இடங்களில் மெர்லோ பொருந்தும். ஓக் மரப் பீப்பாயில் நெடுநாள் முதிர்ந்த வைனில் மரமணமும் துவர்ப்பும் மிகுதி. சூடாக்கினால் அவை கசப்பாக முன்னே வரும். விலை உயர்ந்த வைன் தேவையில்லை. ஆனால் கெட்டுப்போன அல்லது புளித்த வைனை மசாலாவால் மறைக்க முடியாது. சூட்டில் அதன் குறை இன்னும் தெளிவாகத் தெரியும்.

மசாலா: முழு மசாலாவையே பயன்படுத்த வேண்டும். பொடி சேர்த்தால் பானம் கலங்கிவிடும், வடிகட்டினாலும் நாக்கில் மணல்போல் தட்டுப்படும். பிரியாணிக்குத் தாளிக்கும் அதே பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூதான் இங்கும் வேலை செய்கின்றன. எண்ணெயில் பொரிப்பதற்குப் பதிலாக வைனில் ஊறுகின்றன என்பதே வேறுபாடு.

ஆரஞ்சு: தோலையும் பயன்படுத்துவதால் மெழுகு பூசாத, மருந்து தெளிக்காத பழமாக வாங்குவது நல்லது. மெழுகு பூசியிருந்தால் வெந்நீரில் நன்கு தேய்த்துக் கழுவ வேண்டும்.

பாத்திரம்: எவர்சில்வர் அல்லது எனாமல் பூசிய பாத்திரம் ஏற்றது. வைன் அமிலத்தன்மை உடையது. அலுமினியத்தோடும் ஈயம் பூசாத செம்போடும் அது வினைபுரிந்து சுவையைக் கெடுக்கும்.

செய்முறை

1. ஓர் ஆரஞ்சின் தோலை மட்டும் மெல்லிய பட்டைகளாகச் சீவி எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும் என்பதால் அது சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு பழங்களையும் பிழிந்து சாறு எடுக்க வேண்டும்.
2. சாறு, சர்க்கரை, மசாலா, தோல் ஆகியவற்றைப் பாத்திரத்தில் இட்டு, சர்க்கரை கரையும்வரை கிளறி, சிறு தீயில் 5 முதல் 8 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். சாறு அடிப்பிடிக்கும்போல் இருந்தால் இரண்டு கரண்டி தண்ணீர் சேர்க்கலாம்.
3. தீயை நன்றாகக் குறைத்து வைனை ஊற்ற வேண்டும். 70 பாகை செல்சியசு அளவுக்கு மெல்லச் சூடேற்ற வேண்டும்.
4. அந்தச் சூட்டில் மூடிபோட்டு 15 முதல் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும்.
5. சுவைத்துப் பார்த்து, தேவையானால் சர்க்கரை சேர்க்கலாம். பின் வடிகட்டி, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய குவளைகளில் பரிமாற வேண்டும்.

சமையல் வெப்பமானி இல்லாவிட்டால் கண்ணால் அறியலாம். பரப்பிலிருந்து ஆவி எழ வேண்டும், ஆனால் குமிழி வரக்கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றினாலே தீயைக் குறைத்துவிட வேண்டும்.

ஏன் கொதிக்கக் கூடாது?

மசாலாவுக்கு மணம் தரும் பொருட்கள் அவற்றின் எண்ணெயில் உள்ளன. கிராம்பில் யூஜினால், பட்டையில் சின்னமால்டிகைடு, அன்னாசிப்பூவில் அனெத்தோல் ஆகியன முதன்மையானவை. இவை தண்ணீரில் குறைவாகவும் ஆல்ககாலில் நன்றாகவும் கரையும். வைனில் இரண்டும் கலந்திருப்பதால் மிதமான சூட்டிலேயே மணம் இறங்கிவிடுகிறது. கொதிக்கவிட்டால் பழமணம் ஆவியோடு போய்விடும், துவர்ப்பும் கசப்பும் மிஞ்சும்.

தூய ஆல்ககாலின் கொதிநிலை 78 பாகை செல்சியசு. இதை வைத்து, '78 பாகையைத் தாண்டினால் ஆல்ககால் முழுவதும் பறந்துவிடும்' என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. வைன் என்பது பெரும்பகுதி தண்ணீர். 12 விழுக்காடு ஆல்ககால் உள்ள வைன் 90 பாகையை ஒட்டித்தான் கொதிக்கத் தொடங்கும். அப்போதும் ஆல்ககாலும் நீரும் சேர்ந்தே ஆவியாகின்றன. அந்த ஆவியில் ஆல்ககாலின் பங்கு கூடுதலாக இருக்கும், அவ்வளவே. ஆல்ககால் சேர்த்து 15 நிமிடம் மெல்லக் கொதித்த உணவில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆல்ககால் எஞ்சியிருக்கும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணை. 70 பாகையில் மூடிவைத்த குளூவைனில் பெரும்பகுதி ஆல்ககால் அப்படியே இருக்கும். ஆகவே 'சூடாக்கியதுதானே' என்று அதைக் குழந்தைகளுக்கோ கருவுற்றவர்களுக்கோ தரக்கூடாது.

வழக்கமாக நேரும் தவறுகள்

- கிராம்பு மிகுதல்: ஒரு போத்தலுக்கு ஐந்துக்கு மேல் போட்டால் மற்ற மணங்களை அது அமுக்கிவிடும். பல் மருந்து போன்ற வாடை வரும்.
- மசாலாவை எடுக்காமல் விடுதல்: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் கசப்பு ஏறும். விருந்தினர் தாமதமாக வருவதாக இருந்தால் வடிகட்டி வைத்துக்கொண்டு மறுபடி சூடாக்கலாம்.
- இனிப்பைத் தொடக்கத்திலேயே கூட்டுதல்: ஆரஞ்சின் இனிப்பு பழத்துக்குப் பழம் மாறும். பாதிச் சர்க்கரையில் தொடங்கி, கடைசியில் சரிபார்ப்பது நல்லது.

மிஞ்சியதை வடிகட்டி, மூடிய போத்தலில் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். தேவையான அளவை மட்டும் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

சுவீடனின் குளோக்கில் ஏலக்காய் மணம் தூக்கலாக இருக்கும். உலர்திராட்சையும் தோல்நீக்கிய பாதாமும் சிறு குவளையில் இட்டு, அதன்மேல் பானத்தை ஊற்றிக் கரண்டியோடு தருவார்கள். பிரான்சில் 'வான் ஷோ', இத்தாலியில் 'வின் புரூலே', போலந்தில் 'கிரசானியெட்சு', அங்கேரியில் 'ஃபொர்ரால்ட் போர்' என்ற பெயர்களில் இத்தகைய பானங்கள் உள்ளன. இங்கிலாந்தில் போர்ட் வைனும் சுட்ட ஆரஞ்சும் சேர்த்துச் செய்யும் 'பிஷப்' என்ற வகை, சார்லசு டிக்கின்சு 1843இல் வெளியிட்ட 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதையின் முடிவில் இடம்பெறுகிறது.

ஜெர்மனியின் 'ஃபாயர்சாங்கன்போலெ' என்ற வகையில், சூடான மசாலா வைனுக்கு மேலே சர்க்கரைக் கூம்பை வைத்து, ரம் ஊற்றிக் கொளுத்துவார்கள். சர்க்கரை உருகி வைனில் சொட்டும். எரியும் கூம்பின்மேல் போத்தலிலிருந்து நேரே ரம்மை ஊற்றுவது ஆபத்தானது. தீ போத்தலுக்குள் தாவக்கூடும். நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால்தான் ஊற்ற வேண்டும்.

ஆல்ககால் இல்லாத வகை

'கிண்டர்புன்ஷ்' எனப்படும் சிறுவர் பானத்தை அதே மசாலாவோடு செய்யலாம். 500 மில்லிலிட்டர் சிவப்புத் திராட்சைச் சாறு, 250 மில்லிலிட்டர் ஆப்பிள் சாறு, 250 மில்லிலிட்டர் செம்பருத்தித் தேநீர் ஆகியவற்றைக் கலந்து மசாலாவுடன் சூடாக்க வேண்டும். சாறுகளிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரை தேவைப்படாது. எலுமிச்சைச் சாறு சிறிது சேர்த்தால் சுவை சமன்படும். விருந்துகளில் இதைத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு, பெயர் எழுதி வைக்க வேண்டும். நிறமும் மணமும் குளூவைனைப் போலவே இருப்பதால் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

உடல்நலமும் பாதுகாப்பும்

10 விழுக்காடு ஆல்ககால் உள்ள 200 மில்லிலிட்டர் குவளை ஒன்றில் ஏறத்தாழ 16 கிராம் தூய ஆல்ககால் இருக்கும். இனிப்பு அதன் காரத்தை மறைப்பதால், எவ்வளவு குடித்தோம் என்பது தெரியாமல் போகும். ஜெர்மனியில் வாகன ஓட்டிகளுக்கான பொது வரம்பு இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.5 பங்கு. 21 வயதுக்குக் கீழானவர்களும் புதிதாக உரிமம் பெற்றவர்களும் சிறிதளவும் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது.

குளூவைன் உடலைச் சூடாக்குகிறது என்பது பாதி உண்மை. ஆல்ககால் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. வெதுவெதுப்பான இரத்தம் தோலுக்கு வருவதால் குளிர் குறைந்ததுபோல் தோன்றும். ஆனால் அந்த வெப்பம் காற்றில் கலந்து, உடலின் உள்வெப்பம் குறைகிறது. குளிர் உறைக்காததால் மேலாடையைக் கழற்றுவதும், திறந்தவெளியில் உறங்கிவிடுவதும் உயிருக்கே ஆபத்தாகலாம். கடுங்குளிரில் குடித்தவர் தனியாக நடந்து வீடு திரும்பாமல் பார்த்துக்கொள்வது உடனிருப்பவர்களின் பொறுப்பு.

பட்டையிலும் கவனம் தேவை. கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தடித்த காசியா பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் மிகுதி. அது அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும். இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகக் குறைவு. மெல்லிய ஏடுகள் பல சுருண்டு சுருட்டுப்போல் இருப்பது கறுவா. ஒரே தடித்த தோல் சுருண்டிருப்பது காசியா. எப்போதோ ஒரு குவளை பருகுவதால் தீங்கில்லை. குளிர்காலம் முழுவதும் அடிக்கடி செய்யும் வீடுகளில் கறுவாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதன் மென்மையான மணம் வைனுக்கும் பொருந்தும்.