இணைய நிரலாக்கத்தில் தேதி வடிவ மாற்றம்

தேதி வடிவ மாற்றம் என்பது ஒரு முறையில் எழுதப்பட்ட தேதியை, அதன் பொருள் மாறாமல், நிரலோ தரவுத்தளமோ ஏற்கும் வேறொரு முறையில் எழுதுவதாகும். பார்வைக்கு எளிய இந்த வேலையில் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் வராது. தவறான தேதி சரியான தேதியைப் போலவே பக்கத்தில் நிற்கும்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரிய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் உயிரிழந்தனர். 1956 நவம்பர் 1 அன்று இணைப்பு நடந்தது. இந்நாளை நம் வழக்கப்படி 11/08/1954 என்று எழுதுவோம். அதை அப்படியே ஜாவாஸ்கிரிப்டின் தேதிப் பொருளிடம் கொடுத்தால், அமெரிக்க வழக்கப்படி முதல் எண்ணை மாதமாகக் கொண்டு நவம்பர் 8 என்று படித்துவிடும். 25/08/1954 என்று கொடுத்திருந்தால் 25ஆம் மாதம் இல்லாததால் பிழை வெளிப்பட்டிருக்கும். ஆகவே மாதத்தின் முதல் 12 நாட்களே ஆபத்தானவை.

பிஎச்பி மொழியின் ஸ்டிரிடூடைம் செயற்கூறு இடையிலுள்ள குறியைப் பார்த்து முடிவெடுக்கிறது. சாய்கோடு இருந்தால் மாதம் முதலில். சிறுகோடு இருந்தால் நாள் முதலில். 11/08/1954 நவம்பராகவும் 11-08-1954 ஆகஸ்ட்டாகவும் ஆவது இதனால்தான். ஊகத்துக்கு இடம் தராமல், உள்ளீட்டின் வரிசையை நாமே சொல்லும் கிரியேட்ஃபிரம்ஃபார்மேட் முறையைப் பயன்படுத்துவதே நல்லது. அதுவும் பிப்ரவரி 31ஐ மறுக்காமல் மார்ச்சுக்குத் தள்ளிவிடும். செக்டேட் கொண்டு தனியே சரிபார்க்க வேண்டும்.

சேமிப்பதற்கு ஏற்றது ஐஎஸ்ஓ 8601 தரத்தின் ஆண்டு-மாதம்-நாள் வரிசை: 1954-08-11. மைஎஸ்கியூஎல்லின் டேட் வகை இவ்வடிவையே கொள்கிறது. அதன் டைம்ஸ்டாம்ப் வகை 1970க்கு முந்தைய நாட்களை ஏற்காது என்பதால் வரலாற்றுத் தேதிகளுக்கு உதவாது. யுனிக்ஸ் நேரத்தில் இந்நாளின் தொடக்கம், உலகப் பொது நேரப்படி, -485740800 என எதிர்மறை எண்ணாகிறது. நேர்மறை எண்ணை மட்டும் எதிர்பார்க்கும் நிரல் இங்கே தடுமாறும்.

1954-08-11 என்று எழுதினாலும் ஒரு சிக்கல் உண்டு. நேரம் குறிக்காத இவ்வடிவை ஜாவாஸ்கிரிப்ட் உலகப் பொது நேர நள்ளிரவாகக் கொள்கிறது. நாகர்கோவிலில் அது அதிகாலை 5.30, நாள் மாறவில்லை. நியூயார்க்கில் உள்ளவரின் உலாவியில் அதே பக்கம் ஆகஸ்ட் 10 என்று காட்டும். இந்தியாவில் மட்டும் சோதித்தவருக்கு இது கண்ணில் படாது. நாள் மட்டும் தேவைப்படும் இடத்தில் நேர மண்டலத்தைத் தொடாமல், மூன்று எண்களையும் பிரித்து எழுதுவது பாதுகாப்பானது.

இம்மாவட்டத்துப் பழைய பத்திரங்களைக் கணினியில் ஏற்றுவோருக்கு இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. திருவிதாங்கூர் ஆவணங்களில் கொல்லம் ஆண்டே வழக்கு. அது ஆவணியில் பிறப்பதால் ஒரே எண்ணைக் கூட்டித் தப்பிக்க முடியாது: ஆவணி முதல் டிசம்பர் முடிய 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். மார்கழி மாதத்தின் நடுவில் ஆங்கில ஆண்டு மாறுவதால், அம்மாதத்துக்கு நாளையும் பார்க்க வேண்டும். புதுக்கடைச் சம்பவம் கொல்லம் 1129 ஆடியின் பிற்பகுதியில் நடந்தது. சில நாட்களில் 1130 பிறந்துவிட்டது. மாதத்தைக் கவனிக்காமல் 1129உடன் 824 கூட்டும் நிரல் அதை 1953இல் கொண்டுபோய் வைக்கும்.