இசையெழுத்தும் மறைந்த கருவிகளும்

ஒலி, தோன்றிய கணத்திலேயே மறையும் இயல்பினது. ஓவியன் தீட்டிய ஓவியம் சுவரில் நிற்கும். சிற்பி செதுக்கிய உருவம் கல்லில் நிற்கும். பாடகன் பாடிய பாட்டோ, அவன் பாடி முடித்த அளவிலே காற்றோடு கலந்துவிடும். கேட்டவர் அதனை நெஞ்சில் வைத்துப் போற்றினாலன்றிப் பின்வருவோர்க்கு அது கிட்டுவதில்லை. ஆதலின், இசையை எழுத்தில் பதித்துக் காக்கும் முயற்சி தொன்றுதொட்டே நடைபெற்று வந்துள்ளது.

எழுதி வையாமையால் வரும் இடரைத் தஞ்சைச் சோழரோடு தொடர்புடைய ஒரு வரலாறு நன்கு விளக்கும். மூவர் பாடிய தேவாரம் தில்லையில் ஓர் அறையினுள் கரையானால் அரிக்கப்பட்டுக் கிடந்ததையும், எஞ்சிய ஏடுகளை இராசராச மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதையும் திருமுறை கண்ட புராணம் கூறுகின்றது. ஏடுகளில் பாடலின் சொற்கள் கிடைத்தன. பண்களைப் பாடும் முறையோ கிடைத்திலது. பின்னர்த் திருஎருக்கத்தம்புலியூரில், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்ணொருத்தியின் வாயிலாகவே அம்முறை அறியப்பட்டது என்பர். அப்பெண்மணி ஒருத்தி இல்லாதிருப்பின், சொல் எஞ்சிப் பண் மாய்ந்திருக்கும்.

இசையை எழுதும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டைச் சார்ந்ததெனக் கருதப்பெறும் கல்வெட்டொன்றில் சுரங்கள் எழுத்துகளாகப் பொறிக்கப்பட்டுள்ளன. திருவாரூரில் தோன்றிய முத்துசாமி தீட்சிதரின் குடும்ப வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை வெளியிட்டார். சுரங்களோடு, அவற்றின் அசைவுகளாகிய கமகங்களுக்கும் தனித்தனிக் குறிகள் அமைத்தது அந்நூலின் சிறப்பாகும். தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்னும் இசையாராய்ச்சி நூலை வெளியிட்டார். இத்தகையோர் உழைப்பினால், செவிவழியாக மட்டும் வந்த செல்வத்திற்கு ஏட்டிலும் ஓர் இருப்பிடம் வாய்த்தது.

தமிழ் நூல்களில் இசை எழுதப்பெறும் முறை எளிதே ஆகும். ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழெழுத்தும் ஏழு சுரங்களைக் குறிக்கும். எழுத்தின் மேல் புள்ளியிட்டால் மேல்நிலையும், கீழ்ப் புள்ளியிட்டால் கீழ்நிலையும் பெறப்படும். சுரம் நீண்டொலிக்கும் அளவாகிய கார்வையைக் காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உணர்த்தும். எழுத்துகளின் மேல் கோடிழுத்தால் விரைவு இருமடங்காகும். மேலைநாட்டாரோ ஐந்து கோடுகளை வரைந்து, அவற்றின் மேலும் இடையிலும் முட்டை வடிவான குறிகளை இட்டு எழுதுவர். மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி (1798–1832) தஞ்சை அரண்மனையில் மேலைநாட்டு இசைக்குழு ஒன்றனை வைத்திருந்தமையால், காவிரிக்கரைக்கு மேலையிசையின் பழக்கம் இருநூறு ஆண்டுகட்கு முன்பே வந்துவிட்டது.

முன்னாளில் ஓலையும் எழுத்தாணியும், பின்னாளில் தாளும் மையும் செய்த இப்பணியை இக்காலத்தில் கணிப்பொறி செய்கின்றது. இசையெழுதுவதற்கென்றே மென்பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் 'மியூஸ்கோர்' என்பது விலையின்றிக் கிடைப்பது. வெர்னர் சுவீர் என்னும் செருமானியர் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியின் விளைவு. எழுதுபவன் திரையில் உள்ள ஐங்கோட்டின் மீது குறிகளை இடுவான். கணிப்பொறி அவற்றை ஒழுங்காக வரிசைப்படுத்தும். வேண்டும்போது ஒலித்தும் காட்டும். எழுதுவதற்கு வேண்டிய குறிகள் எல்லாம் திரையின் மேற்புறத்தில் ஒரு பட்டையிலும், பக்கத்தில் ஒரு தட்டிலும் அடுக்கப்பட்டிருக்கும். பொற்கொல்லன் தன் சிறு கருவிகளைக் கைக்கெட்டும் இடத்தில் பரப்பி வைத்தலைப் போன்றது இது. இவற்றைக் கருவிப்பட்டை எனவும் கருவித்தட்டு எனவும் வழங்கலாம்.

திருவையாற்றை அடுத்த சிற்றூர் ஒன்றில் மாணவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். அவனுடைய ஆசிரியர் முதுமையடைந்தவர். தம் ஆசிரியரிடம் செவிவழியாகக் கற்ற பழைய உருப்படிகள் சிலவற்றை அறிந்தவர். அவர் பாடப் பாட, மாணவன் கணிப்பொறியில் எழுதி வருகின்றான். கமகங்களை ஐங்கோட்டில் முழுதும் காட்டல் இயலாது. எனினும், மென்பொருளில் உள்ள குறிகளுள் ஏற்றவற்றைத் தேர்ந்து, தனக்கெனத் தனித்தட்டு ஒன்றனையும் அவன் அமைத்துக்கொண்டான். இவ்வாறு திங்கள் சில கழிந்தன. ஒருநாட் காலையில் மென்பொருளைத் திறந்தபோது, கருவித்தட்டு முழுவதையும் காணவில்லை! பாட்டின் ஏடு மட்டும் வெறுமையாக நடுவில் நின்றது. எழுதியவை எல்லாம் அழிந்துவிடுமோ என்று அவன் நெஞ்சம் நடுங்கிற்று. இத்தகைய நிலையில் மனிதர் செய்யத் துணிவன இரண்டு: ஒன்று, கண்ட விசைகளையெல்லாம் அழுத்திப் பார்த்தல், மற்றொன்று, மென்பொருளையே நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுதல். முன்னது குறையை மிகுவிக்கும். பின்னது பெரும்பாலும் பயன் தாராது. ஏன் என்பதனை அறிதல் வேண்டும்.

மென்பொருளைப் பயன்படுத்துவோனிடம் இருவகைக் கோப்புகள் உண்டு. ஒன்று, அவன் எழுதிய பாட்டினைத் தாங்கிய கோப்பு. மற்றொன்று, எந்தக் கருவி எவ்விடத்தில் நிற்றல் வேண்டும், எது தோன்றல் வேண்டும், எது மறைதல் வேண்டும், எந்த விசைக்கு எச்செயல் என்பனவற்றைக் குறித்து வைக்கும் அமைப்புக்கோப்பு. ஒவ்வொரு முறையும் மென்பொருள் அமைப்புக்கோப்பைப் பார்த்தே திரையை ஒழுங்கு செய்கின்றது. கை தவறி ஒரு விசை அழுந்தினாலும், மின்சாரம் திடீரென நின்று அக்கோப்புப் பழுதுபட்டாலும், திரையின் ஒழுங்கு மாறிவிடும். மாறியது திரையே, பாட்டன்று. அமைப்புக்கோப்பு மென்பொருளோடு சேராமல் வேறொரு கோப்புறையில் இருப்பதால், மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினாலும் பழைய அமைப்பே திரும்ப வந்து நிற்கும். மீண்டும் நிறுவுதல் பயன் தாராமைக்குக் காரணம் இதுவே.

தஞ்சை வீணையை அறிந்தோர்க்கு இது எளிதில் விளங்கும். பலாமரத்தால் ஆன அதன் தண்டியின்மேல் மெழுகு இட்டு, இருபத்து நான்கு மெட்டுகளைப் பதித்திருப்பர். நாளடைவில் மெழுகு இளகி மெட்டுகள் சிறிது இடம் பெயருமாயின், சுரம் பிழைபடும். அது கண்டு வீணையை உடைப்பார் உண்டோ? வல்லவர் பழைய மெழுகை அகற்றிப் புது மெழுகு இட்டுச் சுருதி பார்த்து மெட்டுகளை மீண்டும் பதிப்பர். அதனை மேளம் கட்டுதல் என்பர். குடமும் தண்டியும் தந்திகளும் அவ்வண்ணமே இருக்கும். மெட்டுகள் மட்டும் தத்தம் இடத்தை மீளப் பெறும். அமைப்புகளை முதல்நிலைக்குத் திருப்புதலும் இத்தகையதே.

எனினும், மேளம் கட்டுவதற்கு முன் அது வேண்டுமா என்று பார்த்தல் அறிவுடைமையாகும். வயலில் நீர் ஏறவில்லை எனின், காவிரி நாட்டு உழவன் உடனே வரப்பை வெட்டுவதில்லை. முதலில் மடையைப் பார்ப்பான். பின்பு வாய்க்காலைப் பார்ப்பான். மடை வாயில் அடைத்த சருகை விலக்கினாலே பலமுறை நீர் பாய்ந்துவிடும். அவ்வாறே சிறு செயலில் தொடங்கிப் பெருஞ்செயலுக்குச் செல்லுதல் முறை.

முதலாவது, எழுதிக்கொண்டிருக்கும் பாட்டினைச் சேமித்து, அக்கோப்பின் படி ஒன்றனை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். அச்சம் நீங்கினாலன்றி அறிவு தொழிற்படாது. படி ஒன்று பத்திரமாக இருப்பின் அச்சம் தானே நீங்கும்.

இரண்டாவது, கருவி அழிந்ததா, மறைந்ததா என்று அறிதல் வேண்டும். மியூஸ்கோரில் கருவித்தட்டைத் தோற்றுவிப்பதும் மறைப்பதும் 'எஃப் 9' என்னும் ஒரே விசை. அது தவறி அழுந்தினால் தட்டு மறையும். மீண்டும் அழுத்தினால் தோன்றும். 'வியூ' என்னும் பட்டியைத் திறந்து, ஒவ்வொரு கருவியின் பெயருக்கும் நேரே குறி உள்ளதா என்றும் பார்த்தல் வேண்டும். குறி இல்லாததைத் தொட்டால் அக்கருவி மீளும். மேலும், தட்டு மறைந்தபோதும் எழுதும் ஆற்றல் மறைவதில்லை. 'என்' என்னும் விசையை அழுத்தி எழுதும் நிலைக்குச் சென்று, எண் விசைகளால் கால அளவையும் எழுத்து விசைகளால் சுரத்தையும் இடலாம். கண்ணுக்குத் தோன்றாமை வேறு; இல்லாமை வேறு.

மூன்றாவது, பலகைகள் இடம் மாறிச் சிதறியிருப்பின், அவற்றின் இருப்பிடத்தை மட்டும் பழையபடி ஆக்கும் கட்டளை, நான்காம் பதிப்பில் அதே 'வியூ' பட்டியில் உண்டு. அதனைப் பயன்படுத்திப் பார்த்தல் நன்று.

இவற்றால் தீராதபோதே நான்காவது வழியை நாடுதல் வேண்டும். 'ஹெல்ப்' என்னும் பட்டியில் 'ரிவர்ட் டு ஃபேக்டரி செட்டிங்ஸ்' என்றொரு கட்டளை உண்டு. மென்பொருள் முதன்முதல் வந்தபோது எவ்வமைப்பில் இருந்ததோ, அவ்வமைப்பிற்கே திருப்புக என்பது இதன் பொருள். கட்டளையிட்டவுடன் மென்பொருள், செய்யலாமா என்று ஒருமுறை கேட்கும். இசைவு தந்தால், அமைப்புகளைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். மறைந்த கருவிகள் தத்தம் இடத்தில் வந்து நிற்கும். எழுதிய பாட்டுகளுள் ஒன்றும் இதனால் அழியாது.

ஆயினும், இக்கட்டளைக்கும் ஒரு விலை உண்டு. பயன்படுத்துவோன் தானே அமைத்துக்கொண்ட தட்டுகளும், தானே வகுத்த விசை ஒழுங்குகளும் இதனால் நீங்கிவிடும். நம் மாணவன் கமகக் குறிகளுக்கென அமைத்த தனித்தட்டும் அவற்றுள் ஒன்றாகும். முதல் மூன்று வழிகளையும் பாராது இக்கட்டளையை இட்டிருப்பானாயின், பாட்டுகள் பிழைத்திருக்கும். திங்கள் பலவாகத் தேர்ந்தமைத்த தட்டோ தொலைந்திருக்கும். தனித்தட்டினைத் தனிக்கோப்பாகச் சேமித்து வைக்கவும், பின்னர் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் மென்பொருளில் வழி உண்டு. ஆனால், தட்டு கண்முன் இருக்கும் நல்ல காலத்திலேயே அதனைச் செய்து வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கரை உயர்த்தல் இயலாதன்றோ?

அம்மாணவன் பதறாமல் இருந்து, பாட்டின் படியை எடுத்து வைத்தபின் 'எஃப் 9' விசையை அழுத்தினான் என்று கொள்வோம். அந்நொடியே தட்டு முழுவதும், அவனுடைய கமகக் குறிகள் உட்பட, திரையில் வந்து நின்றிருக்கும். முந்திய இரவில் அறியாமல் விரல் பட்டதே அத்துணைக் கலக்கத்திற்கும் காரணம். முதற்செயலாகவே பெருங்கட்டளையை இட்டிருப்பின், மறைந்ததை அவன் தானே அழித்தவன் ஆவான்.

கருவிகள் காலந்தோறும் மாறும். ஓலை போயிற்று, தாள் வந்தது, தாளினோடு திரையும் வந்தது. இன்றுள்ள மென்பொருளும் நாளை மாறலாம். மாறாதது ஒன்றுண்டு, அது பாட்டு. முதிய ஆசிரியரின் நெஞ்சில் மட்டும் உறையும் பாட்டினை எழுதி வைப்பவன், ஒரு தலைமுறையின் செல்வத்தை மற்றொரு தலைமுறைக்குக் கொண்டு செல்பவன் ஆவான். அவன் தன் கருவியையும் அறிந்திருத்தல் வேண்டும். எது பாட்டு, எது பாட்டைச் சுற்றிய அமைப்பு என்னும் வேறுபாட்டை உணர்ந்து, அமைப்பு பழுதுற்றபோது அதனை மட்டும் திருத்தி, பாட்டினை ஊறின்றிக் காத்தலே இசையெழுதுவோன் கடமையாகும்.